நான்கு எழுத்துக்கு இடம்

சாம்பாரில் உப்பு கூடிப்போனதற்காக ஒருத்தியை வேலையிலிருந்து நிறுத்துவார்கள் என்று மிருதுளா அதுவரை கேள்விப்பட்டதில்லை. நிறுத்தப்பட்டவள் பழியைத் தண்ணீர்மேல் போட்டு மனு எழுதுவாள் என்றோ, அந்த மனு நான்கு மாதம் ஏழு மேசைகளில் கிடந்துவிட்டுத் தன் மேசையில் வந்து உட்காரும் என்றோ அவள் நினைத்துப் பார்த்ததும் இல்லை.

கோடு போட்ட தாள். பச்சை மை.

“நான் ஓடைக்காட்டூர் பள்ளியில் பதினொரு வருடமாகச் சத்துணவு சமைக்கிறேன். என் கை அளவு மாறவில்லை. உப்பு மூன்று பங்கு இருப்பதாக உணவு ஆய்வாளர் அம்மா எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் மீதி இரண்டு பங்கு குழாய்த் தண்ணீரில்தான் வந்திருக்க வேண்டும். தண்ணீர்க் கம்பெனிக்காரர்கள் நேரில் வந்து பார்த்து எனக்கு நியாயம் சொல்லவும். இப்படிக்கு, ஆ. சரண்யா.”

அஸ்வத் அதை வாசித்துவிட்டுச் சிரித்தான். அந்தத் தண்ணீர்க் கம்பெனியான தெளிவு இழையகத்தின் தலைவன் அவன். இருபது வருடங்களுக்கு முன் கல்லூரி ஆய்வகத்தில் அவளோடு ஒரே மேசையில் இழை இழுத்தவன். அலுவலகத்தில் அவளை ஒருமையில் அழைக்கும் ஒரே ஆள்.

“அள்ளிப் போட்டுட்டுக் குழாயைக் குத்தம் சொல்லுது பாரு. நீயே போய்ட்டு வந்துடு, மிருது. அரையாண்டுத் தண்ணிச் சான்றுக்கு இன்னும் பன்னெண்டு நாள்தான் இருக்கு. அந்த ஊர் பேர்ல ஒரு மனு தொங்கிக்கிட்டு இருக்கக் கூடாது.”

அவள் போனாள். எப்படியும் அந்த ஊர் அவளுடைய குடியிருப்பிலிருந்து ஆறு கிலோமீட்டர்தான். சுற்று ஊர்களுக்குக் குடிநீர் தரும் ஓடைக்காட்டூர் நீரகம்தான் அவள் வடிவமைத்த முதல் நீரகம். அந்தத் தண்ணீர் வரும் இடத்திலேயே தங்கிவிட வேண்டும் என்று பிடிவாதமாக வீடு வாங்கிக்கொண்டு, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் நகரத்துத் தலைமை அலுவலகத்துக்குப் போய்வருகிறவள்.

அவள் செய்தது மயிரைவிட மெல்லிய ஒரு இழை. ஒரு காலத்தில் பனியன் பின்னிய வட்ட இயந்திரங்களிலேயே அதைக் குழாய் குழாயாகப் பின்னி, கட்டுக்கட்டாக அடுக்கி, சாயப்பட்டறைகள் நிறைந்த சாயப் பூங்காவிலிருந்து ஆற்றில் விழும் நீரை அதன் வழியே பிழிந்து குடிநீராக்குவார்கள். இழையின் மேலெங்கும் கண்ணுக்குத் தெரியாத குழிகள். அவற்றைக் கூடுகள் என்று அழைத்தாள். ஈயத்துக்கு ஒரு வடிவத்தில் கூடு, குரோமியத்துக்கு ஒரு வடிவத்தில் கூடு, ஒவ்வொரு சாயத்துக்கும் அதனதன் வடிவத்தில். உரிய நஞ்சு வந்து உரிய கூட்டில் அடைந்ததும் இழைக்குள் ஓடும் ஒளி கொஞ்சம் மங்கும். பிடிப்பதும் அதுவே, பிடித்ததைச் சொல்வதும் அதுவே.

அந்த இரண்டாவது வேலையில்தான் அரசாங்கம் மயங்கிப்போனது. இழை சொல்வதே கடைசிச் சாட்சி என்று ஆறு வருடங்களுக்கு முன் சட்டம் வந்தது. மாவட்டத்தின் நீர் ஆய்வுக்கூடத்தைப் பூட்டினார்கள். இப்போது அங்கே பழைய தேர்தல் பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன.

நீரக வாசலில் இரண்டு ஆள் உயரத்தில் விளக்குப் பலகை ஓடிக்கொண்டிருந்தது. இடப்பக்கம் நஞ்சின் பெயர், வலப்பக்கம் முடிவு. ஈயம், இல்லை. குரோமியம், இல்லை. ஆர்சனிக், இல்லை. இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேலேறி மறையும். குடம் நிறைகிறவரை ஆட்கள் அதை அண்ணாந்து வாசித்துக்கொண்டு நிற்பார்கள். வலப்பக்கத்துச் சொல்லைத் தேர்ந்தெடுத்தவள் மிருதுளாதான். அதற்கு மொத்தமாக அரை நிமிடம் செலவழித்திருப்பாள்.

பள்ளிச் சமையல்கூடத்தில் சரண்யா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பதைத் தாண்டிய, ஒல்லியான, நிமிர்ந்த பெண்.

“உங்களை நிறுத்திட்டாங்கன்னு...” என்று மிருதுளா தயங்கினாள்.

“நிறுத்திட்டாங்க. ஆனா மாத்து ஆள் இன்னும் வரலீங்களே. அதனால நான்தான் சமைக்கறனுங்க. கையெழுத்து மட்டும் போடக் கூடாதாம்.” அவள் கரண்டியைத் தட்டி வைத்தாள். “நான் வேலைல இல்லைங்க மேடம். சோறு மட்டும் தானா வெந்துக்குது.”

மிருதுளாவுக்குச் சிரிப்பு வந்தது. குழாய்நீரை உப்புமானியில் பிடித்துப் பார்த்தாள். நல்ல தண்ணீர். சொல்லப்போனால் ஊற்று நீரைவிட நல்ல தண்ணீர்.

“தண்ணில உப்பு இல்லக்கா.”

“அப்ப சாம்பாரை ருசி பாருங்க. பாத்துட்டு நீங்களே சொல்லுங்க, உப்பு எச்சா இருக்குதான்னு.”

உள்ளங்கையில் ஊற்றினாள். மிருதுளா நக்கிப் பார்த்தாள். பருப்பின் மணம், புளியின் இழுப்பு, பெருங்காயம். உப்பு அளவாகத்தான் இருந்தது. அரைக்கல் கூடப் போடலாம் போலவும் இருந்தது.

“சரியாத்தானே இருக்கு!”

“பாத்தீங்களா?” சரண்யா முகத்தில் நான்கு மாதக் கோபம் ஒரேயடியாக வெளிச்சமானது. “அந்த ஆபீசரம்மா ஒரு வாய் வெச்சிட்டு ஓடிப்போய்த் துப்பறாங்க, கடல் தண்ணியாட்டம் கரிக்குதுன்னு. நூத்தி நாப்பது பிள்ளைக தின்னுட்டுத்தானே இருந்துச்சு? ஒன்னாச்சும் மூஞ்சியக் கோணுச்சா? சொல்லுங்க!”

“நான் எழுதித் தர்றேன்க்கா. கவலைப்படாதீங்க.”

முறைப்படி ஒரு புட்டியில் சாம்பாரும் எடுத்துக்கொண்டாள்.

அன்று மாலை ஐந்து மணிக்கு, குடியிருப்பின் சமையலறையில், அவள் மானியைச் சாம்பாருக்குள் விட்டாள். மூன்று பங்கு காட்டியது. மானி கெட்டுவிட்டது என்று நினைத்தாள். அளந்து கரைத்த உப்பு நீரில் விட்டுச் சரிபார்த்தாள். மானி சரியாக இருந்தது. மறுபடி சாம்பாரில் விட்டாள். மூன்று பங்கு.

மானியைக் கழுவி வைத்தாள். பிறகு டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை உப்பை எடுத்து வெறும் நாக்கில் வைத்தாள்.

மணல் மாதிரி இருந்தது.

இன்னொரு சிட்டிகை. இன்னும் கொஞ்சம் மணல்.

அலுவலகத்தில் மதியம் டப்பா திறந்தால் நாலு பக்கமிருந்தும் கை நீளும். அந்தக் கைகள் எப்போது நின்றன? போன வருடமா, அதற்கு முந்தியா? நகரத்துக்காரர்கள், நாகரிகமானவர்கள். ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒவ்வொரு நீரகத்திலும் முதல் டம்ளரை வடிவமைத்தவரே குடிக்க வேண்டும் என்பது இழையகத்து வழக்கம். படம் எடுத்துக்கொண்டு மற்றவர்கள் அதோடு விட்டுவிடுவார்கள். அவள் விடவில்லை. ஆறு வருடமாக இந்தக் குழாயில்தான் குடிக்கிறாள். கொஞ்சம் கர்வத்தோடுதான் குடித்தாள்.

தொலைபேசியை எடுத்தாள்.

“சரண்யாக்கா, ஒரு மூட்டை உப்பு உங்களுக்கு எத்தனை நாளுக்கு வரும்?”

“அது ஒரு மாசத்துக்கு வருமுங்க.”

“இப்பவுமா?”

“இப்ப...” குரல் நின்றது. “போன மூட்டை வெள்ளிக்கிழமை பிரிச்சேன். அதுக்கு முந்தின மூட்டை...” மீண்டும் நின்றது. எண்ணுகிறாள் என்று தெரிந்தது. “எட்டு நாளுங்க.” மறுமுனையில் ஏதோ பாத்திரம் கழுவும் ஓசை மட்டும் கேட்டது.

“கை மாறலைன்னு சத்தியம் பண்ணியிருப்பனுங்க மேடம்” என்றாள் கடைசியில்.

“கை மாறலக்கா. நாக்குக்குத் தக்கபடி போட்டிருக்கு. நாக்குதான் மாறிடுச்சு.”

இரண்டு நாள் அவள் பழைய பாடப் புத்தகங்களைப் புரட்டினாள். நாக்கில் உப்புக்கென்று வாசல்கள் இருக்கின்றன. உப்பு அதற்குள் நுழைந்தால்தான் உப்பென்று தெரியும். அந்த வாசலில் வேறொன்று வந்து சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டால்? தன் இருநூற்றுப் பன்னிரண்டு கூடுகளில் ஒன்றிலும் அடையாத எதுவோ நாக்கின் கூட்டில் வந்து அடைந்துகொண்டிருக்கிறது. அதே வாசல்கள் சிறுநீரகத்திலும் இருப்பதாக அடுத்த பக்கம் சொன்னது. புத்தகத்தை மூடிவிட்டாள். நூற்று நாற்பது பிள்ளைகள், மூன்று பங்கு உப்பு.

அஸ்வத்திடம் போய், “நாக்கு போயிடுச்சு” என்றாள்.

“யாருக்கு?”

“எனக்கு. அந்த ஊருக்கு. உப்புத் தெரியல. சாயப் பூங்காவிலிருந்து பட்டியல்ல இல்லாத ஏதோ ஒன்னு வருது. நம்ம இழை அதை விட்டுடுது.”

அவன் திடுக்கிடுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் பேனா மூடியைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றினான்.

“உனக்கு முன்னாடியே தெரியும்” என்றாள்.

“உப்பு விஷயம் தெரியாது. சத்தியமா.”

“அப்ப எது தெரியும்?”

“உக்காரு முதல்ல.”

அவள் உட்காரவில்லை.

“பட்டியல் என்ன ரகசியமா? அரசிதழ்ல போட்டிருக்கு. ஒவ்வொரு தடவையும் நீ ஒரு கூடு சேக்கறே, பூங்காக்காரங்க ஒரு சாயத்தைத் தூக்கிப் போடறாங்க, நாலாயிரம் பேருக்கு வேலை நிக்குது. மூணு வருஷத்துக்கு முன்னாடி வந்து கேட்டாங்க. எந்த வடிவத்துல சாயம் செஞ்சா இழைல மாட்டாதுன்னு.”

“கேட்டா?”

“உன் கணக்கைத் திருப்பிப் போட்டா அந்த விடை வருது. ஒரு நஞ்சைக் குடுத்தா அதுக்கான கூட்டை வரைஞ்சு தரும் இல்லியா? எல்லாக் கூட்டையும் குடுத்து, எதுலயும் அடையாத வடிவம் எதுன்னு கேட்டோம். ஒரு மணி நேரத்துல குடுத்துடுச்சு.”

அந்தக் கணக்கை எழுத அவளுக்கு நான்கு வருடம் ஆனது. காய்ச்சலில் கிடந்தபோதுகூட எழுதினாள்.

“பூட்டை ஊருக்கு மாட்டிவிட்டுட்டு, அதைத் திறக்காமலே உள்ள போற வழியை அவங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கே.”

“மரியாதையாப் பேசு. சட்டப்படி அந்தத் தண்ணில எதுவும் இல்ல.”

“இருநூத்திப் பன்னெண்டுல எதுவும் இல்ல.”

“சட்டத்துக்கு எதுவும்னா அந்த இருநூத்திப் பன்னெண்டுதான்.”

“அந்தச் சாயத்தோட வடிவத்தைக் குடு. அதுக்கும் கூடு செய்றேன்.”

“குடுக்க முடியாது. ஒப்பந்தம் இருக்கு. குடுத்தாலும் அவங்க அடுத்ததுக்கு மாறிடுவாங்க. இப்ப இருக்கறது நாக்கோட நிக்குது. அடுத்தது எங்க போய் உக்காரும்னு உனக்குத் தெரியுமா?”

அதை அவன் ஆறுதல் சொல்வதுபோலவே சொன்னான். அந்தத் தொனியில்தான் அவளுக்கு ரத்தம் கொதித்தது.

“நான் சான்றுல கையெழுத்துப் போட மாட்டேன்.”

“போடாதே. நீரகத்தை மூடுவாங்க. நாலு ஊருக்கு வேற தண்ணி எது? அந்தக் கிணத்தையெல்லாம் எட்டிப் பாத்திருக்கியா? நீலமா இருக்கும். சரி, ‘உள்ளது’ன்னு எழுதப்போறியா? எழுது. எது உள்ளதுன்னு பேர் போடணும். பேர் பட்டியல்ல இருக்கணும்.” பேனாவை மூடி மேசைமேல் வைத்தான். “நாக்கெல்லாம் சாட்சி ஆகாது, மிருது. நீ செஞ்ச இழைக்கு முன்னாடி எவன் நாக்கும் சாட்சி ஆகாது.”

ஆனால் ஒரு நாக்கின் சாட்சி அரசாங்கத் தாளில் ஏற்கெனவே ஏறியிருந்தது. உப்புமானியால் பயனில்லை. அது சாம்பாரில் உப்பு அதிகம் என்று மட்டும்தான் சொல்லும், சரண்யாவின் குற்றத்துக்குச் சாட்சியாகத்தான் நிற்கும். ஊரே அளவு என்று சாப்பிட்டதை, வெளியூரிலிருந்து வந்த ஒருத்தி கடல் தண்ணீர் என்று துப்பினாளே, அந்த அறிக்கை வேண்டும். அந்த அம்மாள் இன்னொரு முறை சாப்பிட்டு, பிள்ளைகள் முகம் கோணாததையும் சேர்த்து எழுதிக் கொடுத்தால், இழைக்கு எதிராக முதன்முறையாக ஒரு தாள் இருக்கும்.

ஆய்வாளர் ஹெலன் சுகந்தி தாலுகா அலுவலகத்தின் பின்கட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தாள். நாகர்கோவில்காரி. மாற்றலாகி இங்கே வந்து நான்கரை மாதம். வந்த முதல் வாரத்தில் போன முதல் பள்ளி ஓடைக்காட்டூர்.

“அந்தச் சமையல்கார அம்மா விஷயமாத்தானே வந்திருக்கீங்க?” என்று அவளே மலர்ச்சியாகத் தொடங்கினாள். “முடிச்சுட்டேன், கவலைப்படாதீங்க. மனசு கேக்கல. திங்கக்கிழமை சொல்லாமக் கொள்ளாமப் போய் மறுபடி சாப்பிட்டுப் பாத்தேன். நல்லா இருந்துச்சு. கூடவும் இல்ல, குறையவும் இல்ல. என் மேலதான் தப்பு. அன்னிக்கு ராத்திரி பூரா ரயில்ல வந்த அலுப்பு, வாய் ஒரு மாதிரி இருந்திருக்கும். முதல் அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கிட்டு, அந்த அம்மாவைச் சேத்துக்கச் சொல்லி எழுதிட்டேன். பாவம், நாலு மாசம் என் ஒரு வார்த்தையால...”

மிருதுளாவுக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. இந்த முறை உட்கார்ந்தாள்.

“திரும்ப வாங்கிட்டீங்களா?”

“ஆமா. அது இப்ப செல்லாது.” ஹெலன் டப்பாவைத் திறந்தாள். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தைப் பிரித்துக் குழம்பின்மேல் தாராளமாகத் தூவினாள். “உங்க ஊர்ல எல்லாம் நல்லா இருக்கு, இந்த உப்பு ஒன்னுதான் உருப்படி இல்ல. எவ்வளவு போட்டாலும் உறைக்கவே மாட்டேங்குது. எங்க ஊர்ல இருந்து ஒரு மூட்டை வரவழைக்கணும்.”

மிருதுளா அந்தப் பொட்டலத்தைப் பார்த்தாள். பிறகு அவள் முகத்தைப் பார்த்தாள். சொல்லாமல் எழுந்து போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணம் அப்படித் தோன்றியதற்காகத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

“எங்க தங்கியிருக்கீங்க?”

“நீரகத்துக்குப் பக்கத்துல, அரசுக் குடியிருப்பு. தண்ணி பிரமாதம்.”

மிருதுளா சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை ஹெலனின் விரல்கள் சோற்றுக்குள்ளேயே இருந்தன. பிறகு டப்பாவைத் தள்ளி வைத்தாள். பொட்டலத்திலிருந்து ஒரு கல்லை எடுத்து வாயில் போட்டுக் கடித்தாள். கடிபடும் சத்தம் அந்தச் சிறிய அறையில் கேட்டது. கண் கலங்கியது.

“மறுபடி எழுதிக் குடுங்க” என்றாள் மிருதுளா. “முதல் அறிக்கைதான் சரின்னு.”

“எதை வச்சு? அன்னிக்கு எனக்கு நாக்கு இருந்துச்சு, எழுதினேன். இப்ப என்ன இருக்கு?” அவள் கையைக் கழுவப் போனாள். குழாயைத் திறந்தவள், நீரைத் தொடாமல் வெகுநேரம் அப்படியே நின்றாள். “இரக்கப்பட்டுப் போனேன் பாருங்க” என்றாள் திரும்பாமல். “நாலு மாசம் முன்னாடி இந்த மனுவை யாராவது ஒருத்தர் பிரிச்சுப் படிச்சிருந்தா...”

சான்றுக்கு மூன்று நாள் இருந்தபோது மிருதுளா ஓடைக்காட்டூருக்குப் போனாள். சரண்யாவின் கையில் மீண்டும் வேலையில் சேர்க்கும் ஆணை இருந்தது. அதைப் பாலிதீன் உறையில் போட்டு ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தாள். தொலைபேசியில் அரைகுறையாகச் சொன்னதை மிருதுளா இப்போது முழுதாகச் சொன்னாள். சாயம், கூடு, திருப்பிப் போட்ட கணக்கு, நாக்கு, சிறுநீரகம். ஒன்றையும் மறைக்கவில்லை.

சரண்யா ஆணியைப் பிடித்தபடியே கேட்டு முடித்தாள்.

“ஊர்ல பாதிச் சனம் கொதிப்பு மாத்திரை தின்னுட்டு இருக்குது” என்றாள் பிறகு. “மூணாப்புப் பிள்ளை ஒன்னுக்குக் காலு வீங்கிக் கெடக்குது. நானே என் கையால அள்ளி அள்ளிப் போட்டிருக்கறேன்.”

“உங்க தப்பில்லக்கா.”

“எந் தப்பில்லைன்னு எனக்குத் தெரியும். யார் தப்புன்னு சொல்லுங்க. அந்தப் பலகைல ‘இல்லை’ன்னு போட்டிருந்துச்சு. தெனமும் படிச்சிட்டுத்தான் குடம் எடுத்தேன். அதைப் போட்டது யாரு?”

“நான்தான்.”

சரண்யா ஆணியிலிருந்து கையை எடுத்தாள்.

“அறிக்கைல அப்படி இருக்காதுக்கா. ‘கண்டறியப்படவில்லை’ன்னுதான் இருக்கும். இருந்தாலும் இருக்கலாம், நாங்க கண்டுபிடிக்கலைன்னு அர்த்தம். பலகை செஞ்சவங்க வலப்பக்கம் நாலு எழுத்துக்குத்தான் இடம் விட்டிருந்தாங்க. ‘உள்ளது’க்கு நாலு போதும். இதுக்குப் பதினொன்னு வேணும். அடைக்கல. அதனால ‘இல்லை’ன்னு போட்டேன்.”

“எடம் பத்தலைன்னு?”

“ஆமா.”

“ஏனம்மிணி,” என்றாள் சரண்யா. மேடம் போய்விட்டிருந்தது. “எங்கூட்டுப் பிள்ளைக குடிக்கற தண்ணிக்கு எழுத எடம் பத்தலைன்னு இருக்கறதை இல்லைன்னு போட்டீங்களா? கண்டுபிடிக்காததும் இல்லாததும் ஒன்னா? எம்பட ஊட்டுக்காரர் சந்தைக்குப் போனவரு ஒம்பது வருசமாத் திரும்பி வரலை. போலீஸ்ல கண்டுபிடிக்கலைன்னுதான் சொன்னாங்க. ஆளே இல்லைன்னு எழுதிக் குடுக்கச் சொன்னப்ப, அந்த இன்ஸ்பெக்டர் மாட்டேன்னுட்டாரு. அவருக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலியா?”

மிருதுளா தலை குனிந்திருந்தாள்.

“அத்தனை படிச்சீங்களே. நாலு எழுத்துல உங்களுக்கு வேற வார்த்தையே கெடைக்கலியா?”

அடுப்பில் பருப்பு பொங்கியது. யாரும் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. மிருதுளாவின் விரல்கள் தொடைமேல் ஒவ்வொன்றாக மடங்கின. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மறுபடி ஒருமுறை மடக்கிப் பார்த்தாள். பிறகு எழுந்தாள்.

நீரக வாசலில், பலகையின் அடியில் ஒரு சிறிய இரும்புக் கதவு. அதைத் திறக்கும் எண் அவளுக்கும் காவலாளி செல்லதுரைக்கும் மட்டும் தெரியும். செல்லதுரை நாற்காலியிலிருந்து எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

“பல்பு போயிருச்சுங்களா மேடம்?”

“இல்லண்ணா. எழுத்துப் பிழை.”

ஈயத்தையும் குரோமியத்தையும் அவள் தொடவில்லை. அவற்றுக்குக் கூடு இருக்கிறது, இழை பொய் சொல்லவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டுக்குக் கீழே புதிதாக ஒரு வரி சேர்த்தாள். இடப்பக்கம், மற்றவை. வலப்பக்கம் நான்கு கட்டங்களும் நிறைந்தன. தெரியாது.

பிறகு அந்த ஒரு வரி மட்டும் ஓடாமல் நிற்கும்படி செய்தாள்.

அன்று குடம் எடுக்க வந்தவர்கள் வழக்கம்போல அண்ணாந்து பார்த்தார்கள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்கள். “மத்தவைன்னா எதுங்க?” என்று ஒருவர் செல்லதுரையைக் கேட்டார். “அதான் தெரியாதுன்னு போட்டிருக்குதே” என்றார் அவர்.

அரை மணி நேரத்தில் அஸ்வத் கூப்பிட்டான்.

“ஒரே ஒரு வார்த்தை. அதனால என்ன ஆகும்னு நினைக்கறே?”

“ஆறு வருஷத்துக்கு முன்னாடியும் ஒரே ஒரு வார்த்தைதான்.”

“நாளைக்கு நீ வர வேண்டாம்.”

“சான்றை எழுதி அனுப்பிட்டேன். ‘உள்ளது’, ‘இல்லை’ ரெண்டையும் அடிச்சுட்டு நடுவுல எழுதியிருக்கேன். என்ன எழுதியிருப்பேன்னு உனக்கே தெரியும்.”

மாலை ஐந்து மணிக்குள் நகரத்திலிருந்து ஆட்கள் வந்து அந்த வரியை அழித்தார்கள். அங்கேதான் தவறு செய்தார்கள். காலையில் தெரியாது என்று சொன்ன பலகை மாலையில் ஒன்றுமே தெரியாததுபோல் ஈயம் இல்லை, குரோமியம் இல்லை என்று ஓடினால், குடத்தோடு நிற்கிறவர்களுக்கு எது கண்ணில் படும்? நாலு ஊர்ப் பெண்களும் காலிக் குடங்களைக் கொண்டுபோய்ச் சாயப் பூங்கா வாசலில், லாரி வரும் வழியை மறித்து அடுக்கினார்கள். முதல் குடம் சரண்யாவுடையது. அவள் கையில் பாலிதீன் உறையோடு அந்த ஆணையும் இருந்தது. கேட்கிறவர்களிடமெல்லாம், “மூணு பங்கு உப்பைச் சரியா இருக்குதுன்னு எழுதியிருக்காங்க பாருங்க, இதுதான் சாட்சி” என்று காட்டினாள். ஹெலன் சுகந்தி இரண்டு அறிக்கைகளின் நகலையும் தேதியோடு கொண்டுவந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ஒரே நாக்கு, ஒரே சாம்பார், நான்கு மாத இடைவெளி. அதை எந்தச் சட்டத்தின் கீழ் சாட்சியாக எடுப்பது என்று அதிகாரிகள் இன்னமும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வடிவமைத்தவளே கையெழுத்துப் போட வேண்டிய சான்றுப் படிவம் மூன்று முறை அவளிடம் திரும்பி வந்தது. மூன்று முறையும் மிருதுளா அதே சொல்லை எழுதி அனுப்பினாள்.

ஒன்பதாவது நாள் அணையிலிருந்து லாரித் தண்ணீர் வரத் தொடங்கியது. சாயப் பூங்கா மூடப்படவில்லை. அஸ்வத் ஒரு பேட்டியில், தெரியாது என்பது அறிவியலின் மொழி அல்ல என்று சொன்னான்.

லாரித் தண்ணீர் வந்து இரண்டு வாரம் கழித்து, ஒரு மதியம், மிருதுளா பிள்ளைகளோடு தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாக்கு திரும்புமா, திரும்பினால் எப்போது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. சரண்யா இப்போது கையால் உப்புப் போடுவதில்லை. மளிகைக் கடைத் தராசு ஒன்றை வாங்கி வைத்திருந்தாள். பதினொரு வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு அள்ளியவள், முள் நிற்கும்வரை குனிந்து பார்த்து, ஒரு கல்லை எடுத்து, ஒரு கல்லைப் போட்டு, அப்புறம்தான் அண்டாவில் கொட்டினாள்.

முதல் வரிசையில் ஒரு சிறுமி தட்டைத் தள்ளினாள்.

“ஆயா, சாம்பாருல உப்பே இல்ல.”

சரண்யா கரண்டியோடு நின்றாள்.

“இல்லைன்னு சொல்லாத, கண்ணு. நான் நிறுத்துப் போட்டிருக்கறேன். தெரியலைன்னு சொல்லு.”

சிறுமி யோசித்தாள்.

“உப்புத் தெரியல, ஆயா.”

“அப்படிச் சொல்லு.”

மிருதுளா தன் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டாள். நிதானமாக மென்றாள். அவளுக்கும் தெரியவில்லை.